மூலையில் நின்ற சைக்கிள் மீண்டும் ஓடுமா?

போன பலம் திரும்பும். ஆனால் அவசரப்பட்டால் திரும்பாது!

சைக்கிளை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு நாள் ஆசையோடு ஏறி மிதித்தால் மூச்சு வாங்குகிறது. தொடை கடுக்கிறது. முழங்கால் முறையிடுகிறது.

"அந்தக் காலம் போச்சு!" என்று பெருமூச்சு விட்டபடி இறங்கிவிடுகிறார்கள் பலர்.

போன பலம் போனதுதானா? அல்லது திரும்பி வருமா?

திரும்பி வரும் என்கிறது விஞ்ஞானம். வந்தது என்று காட்டியிருக்கிறார்கள் வீரர்கள். அவர்களில் ஒருவர் உடம்பில் துப்பாக்கி ரவைகளைச் சுமந்தவர். இன்னொருவர் 100 வயதைத் தாண்டியவர்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

யானை வலம் வந்த ஊர்

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போகும் சாலையில், ஏறத்தாழ 10 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். "கரி" என்றால் யானை. யானை வலம் வந்து வழிபட்ட தலம் என்பதால் இந்தப் பெயர். பால்வண்ணநாதர் கோவில் ஊருக்குப் பெருமை. பேச்சு வழக்கில் "கரிவலம்" என்று சுருக்கிச் சொல்வார்கள்.

மேற்கே பார்த்தால் மலைத் தொடர். கண்ணுக்கு மலை தெரிந்தாலும், காலுக்கு ஏற்றம் அதிகம் இல்லை.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு காலத்தில் சைக்கிள்தான் ராஜா. பள்ளிக்கூடம், சந்தை, தறி வேலை, சினிமா எல்லாவற்றுக்கும் அதுதான் வாகனம். சிறுவர்கள் மணிக் கணக்கில் வாடகை கொடுத்து சைக்கிள் எடுப்பார்கள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. கம்பிக்கு உள்ளே காலை விட்டு, "குரங்குப் பெடல்" போட்டே ஊரைச் சுற்றி வருவார்கள்.

அந்தச் சிறுவர்களுக்கு இன்று 45, 50 வயது. வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. தெருமுனைக் கடைக்குப் போவதற்கும் அதுதான்.

மகளின் சைக்கிள்

அப்படி ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள்.

வீட்டின் மூலையில் ஒரு சைக்கிள் நிற்கிறது. அது அவருடையது அல்ல. மகள் 11-ம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய அந்தத் திட்டம், பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு அதனால் ஒரு சைக்கிள் வந்து சேர்ந்தது.

மகள் வெளியூரில் கல்லூரிக்குப் போய்விட்டாள். சைக்கிளில் தூசி படிந்துவிட்டது. டயரில் காற்று இல்லை. கைப்பிடியில் துணி காய்கிறது.

"ஏங்க, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுரலாமா?" என்று மனைவி கேட்கிறாள்.

அவர் பதில் சொல்லவில்லை. போன வாரம்தான் டாக்டர் சொல்லி இருக்கிறார்: "சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. உடம்பை அசைக்க வேண்டும்."

மறுநாள் விடியற்காலையில் காற்றடித்து, மகளின் சைக்கிளில் ஏறுகிறார். 20 வயதில் மிதித்த வேகம் நினைவுக்கு வருகிறது. அதே வேகத்தில் மிதிக்கிறார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் நெஞ்சு படபடக்கிறது. இறங்கித் தள்ளிக் கொண்டு வருகிறார். பால் வாங்க வந்த இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.

சைக்கிள் மீண்டும் மூலைக்குப் போகிறது!

அவர் செய்த தவறு என்ன? சைக்கிளில் ஏறியது தவறு அல்ல. 20 வயதுக் காலை 48 வயது உடம்பில் தேடியதுதான் தவறு.

உடம்பில் நடப்பது என்ன?

பயிற்சியை நிறுத்தினால் உடம்பு என்ன ஆகிறது என்பதை விஞ்ஞானிகள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

முதலில் குறைவது ரத்தத்தின் அளவு. உழைக்கும் உடம்பில் ரத்தம் அதிகம் ஓடும். உழைப்பை நிறுத்தினால், சில வாரங்களுக்குள்ளேயே அந்த உபரி ரத்தம் குறைந்துவிடுகிறது. அதனால் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தமும் குறைகிறது. அதை ஈடு கட்ட இருதயம் வேகமாகத் துடிக்கிறது. படபடப்புக்குக் காரணம் இதுதான்.

1984-ல் அமெரிக்காவில் எட்வர்ட் காயில் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். நல்ல பயிற்சி பெற்ற 7 பேர் அதில் கலந்து கொண்டார்கள். அவர்கள் 84 நாட்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தினார்கள். உடம்பு பிராண வாயுவைப் பயன்படுத்தும் சக்தி முதல் 3 வாரங்களில் 7 சதவீதம் குறைந்தது. 84 நாட்களின் முடிவில் 16 சதவீதம் குறைந்தது.

இது கெட்ட செய்தி. ஆனால் நல்ல செய்தியும் அதிலேயே இருந்தது.

தசைக்குள் பயிற்சியால் முளைத்த நுண்ணிய ரத்தக் குழாய்கள் 84 நாட்களுக்குப் பிறகும் குறையவில்லை. தண்ணீர் வற்றியது, வாய்க்கால் தூர்ந்து போகவில்லை!

84 நாள் சரி. பல வருடங்கள் விட்டவர்களின் கதி என்ன? அதற்கும் ஒரு பரிசோதனை பதில் சொல்கிறது.

படுக்கையில் 5 வாலிபர்கள்

1966-ம் ஆண்டு. அமெரிக்காவில் டல்லாஸ் நகரம். 20 வயதை ஒட்டிய 5 வாலிபர்கள் டாக்டர்களின் ஆராய்ச்சிக்கு முன்வந்தார்கள்.

அவர்களுக்கு இடப்பட்ட வேலை விசித்திரமானது. 3 வாரம் படுக்கையிலேயே கிடக்க வேண்டும். எழுந்து நடக்கக் கூடாது.

3 வாரம் முடிந்ததும் டாக்டர்கள் சோதித்தார்கள். உடம்பின் உழைக்கும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்கு போய்விட்டது! பிறகு 8 வாரம் கடும் பயிற்சி கொடுத்தார்கள். போனதும் திரும்பியது, அதற்கு மேலும் வந்தது.

கதை அத்துடன் முடியவில்லை.

30 ஆண்டுகள் கழித்து, 1996-ல், அதே 5 பேரையும் மீண்டும் அழைத்தார்கள். இப்போது அவர்களுக்கு 50 வயது. சராசரி எடை 77 கிலோவில் இருந்து 100 கிலோவாக ஏறி இருந்தது. உடம்பில் கொழுப்பு இரட்டிப்பாகி இருந்தது.

உழைக்கும் சக்தியை அளந்தார்கள். டாக்டர்களுக்கே ஆச்சரியம்! 30 வருட மூப்பு செய்த சேதத்தைவிட, 20 வயதில் 3 வாரம் படுத்துக் கிடந்தது செய்த சேதம் அதிகமாக இருந்தது.

வயதைக் குற்றம் சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். உடம்பைக் கெடுப்பதில் வயதைவிட வல்லவன் சும்மா இருத்தல்!

பிறகு அவர்களுக்கு 6 மாதம் பயிற்சி கொடுக்கப்பட்டது. நடை, மெல்லோட்டம், ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளை மிதித்தல். முதலில் கொஞ்சமாகத் தொடங்கி, வாரத்துக்கு ஏறத்தாழ 4½ மணி நேரம் வரை மெதுவாக உயர்த்தினார்கள்.

முடிவு என்ன தெரியுமா? 30 வருடத்தில் இழந்த உழைக்கும் சக்தி முழுவதும் திரும்பிவிட்டது. எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் சக்தி திரும்பியது!

உடம்பு திரும்பும். அப்படியானால் மனம்? அதைச் சொல்ல ஒரு சைக்கிள் வீரரின் கதை இருக்கிறது.

ரவை பாய்ந்த வீரர்

அவர் பெயர் கிரெக் லெமாண்ட். அமெரிக்கர். பிரான்ஸ் நாட்டைச் சுற்றி நடக்கும் "டூர் டி பிரான்ஸ்" உலகத்திலேயே பெரிய சைக்கிள் பந்தயம். 1986-ல் அதில் வென்ற முதல் அமெரிக்கர் அவர். அப்போது அவருக்கு வயது 25.

அடுத்த வருடம் ஏப்ரல் மாதம். கலிபோர்னியாவில் உறவினர்களுடன் வான்கோழி வேட்டைக்குப் போனார். புதர் மறைவில் ஏதோ அசைந்தது. வான்கோழி என்று நினைத்துச் சுட்டுவிட்டார் அவருடைய சகோதரியின் கணவர்.

அங்கே இருந்தது லெமாண்ட்!

முதுகிலும் விலாவிலும் ரவைகள் பாய்ந்தன. ஒரு நுரையீரல் செயல் இழந்தது. ரத்தம் ஆறாக ஓடியது. ஹெலிகாப்டரில் தூக்கிக் கொண்டு போய் உயிரைக் காப்பாற்றினார்கள். எல்லா ரவைகளையும் எடுக்க முடியவில்லை. இருதயத்தின் உறையில்கூடச் சில தங்கிவிட்டன.

சில மாதத்தில் மீண்டும் ஆபரேஷன். அடுத்த வருடம் காலில் தசைநார்த் தொல்லை. இரண்டு வருடங்கள் இப்படியே போயின. பெரிய அணிகள் அவரை நம்பவில்லை. பெல்ஜியம் நாட்டில் ஒரு சிறிய அணிதான் இடம் கொடுத்தது.

"விட்டுவிடலாமா?"

1989 மே மாதம். இத்தாலியைச் சுற்றும் பந்தயத்தில் லெமாண்ட் ஓட்டினார். மலை ஏற்றத்தில் ஒவ்வொருவராக அவரை முந்திக் கொண்டு போனார்கள். முன்பு அவர் முகத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் இப்போது முதுகைக் காட்டிப் போனார்கள்.

மனம் உடைந்தது. "சைக்கிளையே விட்டுவிடலாமா?" என்று மனைவியிடம் கலங்கினார்.

அப்போதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. அவர் ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்து கிடந்தது. மனம் சோர்ந்தது என்று அவர் நினைத்தது பாதிதான். மீதி, ரத்தசோகை! அதற்கு ஊசி போட்டார்கள்.

அந்தப் பந்தயத்தின் கடைசி நாள். ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி, நேரத்தை அளக்கும் போட்டி. அதில் லெமாண்ட் இரண்டாவதாக வந்தார். மொத்தப் பட்டியலில் அவர் 39-வது இடம்தான். ஆனால் அந்த ஒரு நாள் போதும், நம்பிக்கை திரும்பிவிட்டது.

8 வினாடி வெற்றி!

இரண்டு மாதத்துக்குள் பிரான்ஸ் பந்தயம். 3 வாரங்கள். 3,285 கிலோ மீட்டர்.

1989 ஜூலை 23. கடைசி நாள். வெர்சேல்ஸ் நகரில் இருந்து பாரிஸ் வரை 24½ கிலோ மீட்டர் தனி ஓட்டம். பிரெஞ்சு வீரர் லாரன்ட் பின்யோன் 50 வினாடி முன்னணியில் இருந்தார். அவ்வளவு குறுகிய தூரத்தில் 50 வினாடியை யார் பிடிக்க முடியும்? பாரிஸ் நகரம் தன் வீரனை வரவேற்கத் தயாராக இருந்தது.

லெமாண்ட் காற்றைக் கிழிக்கும் புதுவிதக் கைப்பிடியைப் பொருத்தி, தலைக் கவசம் அணிந்து புறப்பட்டார். தலையைத் தாழ்த்தி மிதித்தார். மணிக்கு 54 கிலோ மீட்டருக்கும் மேலான வேகம்!

26 நிமிடம் 57 வினாடியில் எல்லையைத் தொட்டார். பின்யோன் வந்து சேர்ந்தபோது கடிகாரம் 58 வினாடி கூடுதலாகக் காட்டியது.

வெற்றி லெமாண்டுக்கு! வித்தியாசம் 8 வினாடி! அந்தப் பந்தயத்தின் சரித்திரத்தில் இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் யாரும் வென்றதில்லை. அதே வருடம் உலக சாம்பியன் பட்டமும் பெற்றார். 1990-ல் மீண்டும் பிரான்ஸ் பந்தயத்தில் வென்றார்.

கரிவலத்துக்காரருக்கு இந்தக் கதையில் என்ன பாடம்? ரவையும் கோப்பையும் அல்ல. இத்தாலியில் 39-வதாக வந்தவர், கடைசி நாள் வரை இறங்காமல் ஓட்டினாரே, அதுதான் பாடம். இன்னொரு பாடமும் உண்டு. காரணம் இல்லாமல் சோர்வு நீடித்தால், மனத்தைத் திட்டுவதற்கு முன் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

100 வயதில் சாதனை

"அவர் வாலிபர்; அதனால் முடிந்தது" என்பீர்களா? இதோ ஒரு கிழவர்.

ராபர்ட் மார்ஷான் பிரெஞ்சுக்காரர். 1911-ல் பிறந்தவர். 5 அடி உயரம்தான். வாலிப வயதில் சைக்கிள் பந்தயத்தில் ஆசை கொண்டார். "நீ குள்ளன்; சாம்பியன் ஆக மாட்டாய்" என்று சொல்லிவிட்டார்கள். பந்தயத்தை விட்டுவிட்டார்.

பிறகு பிழைப்பு! பாரிசில் தீயணைப்பு வேலை. வெனிசூலாவில் சில காலம். கனடாவில் மரம் வெட்டும் வேலை. நாடு திரும்பித் திராட்சை மது வியாபாரம். வாழ்க்கை ஓடிவிட்டது.

67 வயதை நெருங்கும்போது மீண்டும் சைக்கிளில் தீவிரமாக ஏறினார். 1992-ல், 80 வயதில், பாரிசில் இருந்து மாஸ்கோ வரை ஓட்டினார்!

2012-ல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24.251 கிலோ மீட்டர் ஓட்டினார். அவர் வயதுக்காரர்களுக்கு அது சாதனை. பேராசிரியை வெரோனிக் பில்லா அவருக்கு இரண்டு வருடம் பயிற்சி அமைத்துக் கொடுத்தார். 2014-ல் மீண்டும் ஓட்டினார். இந்த முறை 26.927 கிலோ மீட்டர். 100 வயதில் இருந்ததைவிட 102 வயதில் வேகம் கூடி இருந்தது!

அந்தப் பயிற்சியின் ரகசியம் என்ன? வருடத்துக்கு 5,000 கிலோ மீட்டர். அதில் 80 சதவீதம் மெதுவான ஓட்டம். 20 சதவீதம்தான் கடும் ஓட்டம். அவர் உடம்பு பிராண வாயுவைப் பயன்படுத்தும் சக்தி 13 சதவீதம் உயர்ந்தது. பெடலை மிதிக்கும் பலம் 39 சதவீதம் உயர்ந்தது.

2017-ல் 105 வயதில் ஓட்டியபோது, "கடைசி 10 நிமிடம்" என்று காட்டிய அட்டையைப் பார்க்காமல் விட்டுவிட்டாராம். பார்த்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன் என்று குறைப்பட்டுக் கொண்டார்! 2021-ல், 109-வது வயதில் காலமானார்.

ஐந்தில் நான்கு பங்கு மெதுவாக! சாதனைக் கிழவருக்கே அதுதான் சட்டம். மூலையில் இருந்து சைக்கிளை எடுப்பவருக்கு எதற்கு அவசரம்?

வெட்கம் போக வழி

தெருவில் சிரிப்பார்களே என்ற வெட்கம் இருக்கிறதே, அது மூச்சிரைப்பைவிடப் பொல்லாதது. அதை விரட்டுவதற்கு வழி காட்டியவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள்.

1990-களின் தொடக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு ஆயிற்று. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று ஊக்குவித்தார். கல் குவாரியில் வேலை செய்யும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், ஆசிரியைகள் எல்லோரும் கற்றுக் கொண்டார்கள்.

ஊரில் கேலி பேசினார்கள். ஆனால் ஒருத்தியைக் கேலி செய்யலாம். ஆயிரம் பேரை எப்படிக் கேலி செய்வது? 1992 மார்ச் 8-ந் தேதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள்.

பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அவர்கள் தயங்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். குழந்தையை உட்கார வைக்கக் குறுக்குக் கம்பி வசதியாக இருக்கிறது என்றார்கள் சிலர்!

அவர்கள் ஆண் சைக்கிளில் ஏறும்போது, அப்பா மகளின் சைக்கிளில் ஏறுவதற்கு என்ன வெட்கம்?

துணைக்கு ஒருவர் இருந்தால் பாதி வெட்கம் போய்விடும். "காலை ஐந்தரைக்குக் கோவில் வாசலில் நிற்பேன்" என்று நண்பரிடம் சொல்லிவிட்டால், மழுப்ப முடியாது. படுக்கை இழுத்தாலும் வார்த்தை எழுப்பிவிடும்.

முதல் வைத்தியம் சைக்கிளுக்கு

ஆளுக்குப் பயிற்சி தொடங்கும் முன், சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக் கொண்டு போக வேண்டும்.

"அண்ணாச்சி, ஒரு ஓவராயில் போட்டுக் கொடுங்க" என்றால் போதும். செயினைக் கழுவி எண்ணெய் விடுவார்கள். சக்கரத்தில் பெண்டு எடுப்பார்கள். வெடித்த டியூபையும், தேய்ந்த பிரேக் ரப்பரையும் மாற்றுவார்கள். காற்றுக் குறைந்த டயரை மிதித்துவிட்டு, "எனக்குப் பலம் இல்லை" என்று சொல்பவர்கள் பலர். பலம் இல்லாதது டயருக்கு!

அடுத்தது சீட்டு. பெரும்பாலும் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். தாழ்ந்த சீட்டில் முழங்கால் அதிகம் மடங்கும், வலி எடுக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்கும்.

உட்காரும் இடத்தில் முதல் சில நாள் வலிக்கும். பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும்.

முதல் மாதம்

முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 நிமிடம் போதும். "இவ்வளவுதானா?" என்று தோன்ற வேண்டும். அந்த ஆசையோடு இறங்குவதுதான் நல்லது. வெறுப்போடு இறங்கினவர் மறுநாள் ஏற மாட்டார்.

இரண்டாம் வாரம் 20 நிமிடம். மாதக் கடைசியில் அரை மணி. பிறகு வாரத்தில் 5 நாள்.

வேகத்துக்கு அளவுகோல் என்ன? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. பேச்சே வராவிட்டால் வேகம் அதிகம். பாட்டு வந்தால் இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. தினம் அரை மணி வீதம் 5 நாள் மிதித்தால் 150 நிமிடம் ஆகிவிட்டது!

இரண்டு மூன்று மாதத்தில் கரிவலத்தில் இருந்து சங்கரன்கோவில் வரை போய், ஒரு இளநீர் குடித்து, திரும்பி வரலாம். போக வர 20 கிலோ மீட்டர்.

காற்றோடு ஒரு ஒப்பந்தம்

இந்தப் பக்கத்தில் ஏற்றம் இல்லை என்றாலும் எதிரி ஒன்று உண்டு. அதுதான் மேல்காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மலைப் பக்கம் இருந்து கிளம்பி, சைக்கிளை நிறுத்திவிடும் போல் வீசும்.

அனுபவசாலிகள் ஒரு தந்திரம் செய்வார்கள். கால் புதிதாக இருக்கும்போது காற்றை எதிர்த்து மேற்கே போவார்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். முதலில் காற்றோடு கிழக்கே பறந்தவர், திரும்பும்போது கண்ணீர் விடுவார்!

காற்று பலமான நாளில் தூரத்தை எண்ண வேண்டாம். நிமிடத்தை எண்ணினால் போதும். மிதித்த நேரம்தான் உடம்புக்குத் தெரியும். கிலோ மீட்டர் கல் அதற்குத் தெரியாது.

மனம் தளரும் நாள்

மூன்றாம் வாரம் ஒரு சோர்வு வரும். முதல் ஆவல் தீர்ந்திருக்கும். பலன் இன்னும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. பலர் சைக்கிளை மீண்டும் மூலையில் விடுவது அப்போதுதான்.

அதற்கு மருந்து, சைக்கிளுக்கு ஒரு வேலை கொடுப்பது. பால் வாங்க, தபால் போட, வயலைப் பார்க்க, கடைக்குப் போக அதையே எடுக்க வேண்டும். பயிற்சிக்குச் சோம்பல் வரும். பால் வாங்கச் சோம்பினால் காபி கிடைக்காது!

மிதித்த நாளைத் தினசரி காலண்டரில் குறித்து வைக்கலாம். ஒரு நாள் தவறினால் பாதகம் இல்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தவறாமல் பார்த்துக் கொண்டால் போதும்.

மிக முக்கியமானது இன்னொன்று. 20 வயதுக் காலத்தோடு ஒப்பிடக் கூடாது. போன வாரத்தோடு ஒப்பிட வேண்டும். 20 வயதோடு பந்தயம் விட்டால் தினம் தோல்வி. போன வாரத்தோடு பந்தயம் விட்டால் பல நாள் வெற்றி!

எச்சரிக்கை

பல வருடம் உழைப்பை விட்டவர்கள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள், டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கு, மிதிக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். ஏதாவது இனிப்பைப் பையில் வைத்திருப்பது நல்லது.

நெஞ்சில் வலி, இறுக்கம், தலைச்சுற்றல் வந்தால் உடனே இறங்கிவிட வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்" என்ற வீம்பு கூடாது.

திருநெல்வேலி - ராஜபாளையம் சாலையில் லாரியும் பஸ்ஸும் விரையும். இருட்டில் போவோர் முன்னால் விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும் பொருத்த வேண்டும். தொடங்கும் நாட்களில் பெரிய சாலையே வேண்டாம். ஊருக்குள் சுற்றி வந்தால் போதும்.

"சைக்கிள் எங்கே?"

யானை வலம் வந்த ஊர் அது. வலம் வருவதற்கு வேகம் எதற்கு? நிதானமாக ஒரு சுற்று வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். சைக்கிளை விட்டவர்களுக்கும் அதுதான் வழி. இன்று தெருவை ஒரு சுற்று. அடுத்த வாரம் ஊரை ஒரு சுற்று. உடம்பு தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பும்.

கற்பனையில் கண்டோமே, அந்தக் கரிவலத்துக்காரர் வீட்டுக்கு விடுமுறையில் மகள் வருகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூலையைப் பார்க்கிறாள். காலியாக இருக்கிறது.

"என்னம்மா, என் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சா?"

அடுப்படியில் இருந்து அம்மா சிரித்துக் கொண்டே சொல்கிறாள்:

"உங்க அப்பா எடுத்துக்கிட்டு சங்கரன்கோவில் போயிருக்காங்க. பலகாரத்துக்கு வந்துருவாங்க!"